ஓசிக் கார்

விருதுநகரில் பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவள் செல்லக்கனி. ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக டீச்சராகவே பல வருஷம் காலம் தள்ளினாள். அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த தாளாளர் மாறிப்போனார். புதிதாக வந்தவர், அப்படி ஒரு பேச்சு இருந்ததே தனக்குத் தெரியாது என்று கையை விரித்தார். அந்தக் கோபத்தில்தான் எண்பத்தாறாம் வருஷம் மதுரையில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். தாவரவியல் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்துவிட்டது.

முப்பது வயசு. மகன் இரண்டாம் வகுப்பு. ஹாஸ்டலில் தங்கலாம்தான், பிள்ளையை விட்டுவிட்டுத் தங்க மனசு வரவில்லை. தினமும் பஸ்ஸில் போய்வருவதென்றால் புருஷன் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போய்விடும். மிஞ்சியது ரயில்.

புருஷன் ஞானதுரைக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி வேலை. "போயிட்டுத்தான் வாயேன். முடியலேன்னா நிப்பாட்டிக்கிடுவோம்" என்றான். அவனுடைய அக்கா தங்கபாய் இவர்களோடுதான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் சின்ன வயசிலேயே திரும்பி வந்தவள். "புள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ராத்திரிச் சோத்துக்கு மட்டும் வந்து சேந்துரு" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

ரயில் விடியுமுன் வரும். கரி இன்ஜின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். உட்காராவிட்டால் மூச்சு முட்டும். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம் என்று நின்று நின்று, எதிர் வண்டியின் கிராஸிங்குக்குக் காத்துக் கிடந்து, மதுரை போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போகவேண்டும். சாயங்காலம் இதே பாடு திரும்பவும். வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருப்பான்.

ஆனால் பெண்கள் பெட்டியில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டாகிவிட்டது. கொய்யாக் கூடைக்காரி முத்தாத்தாள் அதைப் பிடித்து வைத்திருப்பாள். "டீச்சரு படிக்கணும், தள்ளி ஒக்காருங்கட்டி" என்று மற்றவர்களை அதட்டுவாள். செல்லக்கனி போகும்போது ஒரு பாடம், வரும்போது ஒரு பாடம் என்று படித்து முடித்தாள். வீட்டில் ஒரு பக்கம் படிக்க எடுக்கிற நேரத்தில் ரயிலில் பத்துப் பக்கம் ஓடியது. கூப்பிட ஆளில்லை, அடுப்பில்லை, அவ்வளவுதான் காரணம்.

ஒருநாள் ஞானதுரை மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஏட்டி, ஒனக்கு நல்ல காலம் பொறந்துட்டு" என்றான்.

மில் முதலாளி சஞ்சீவிராஜாவின் மகள் ரங்கநாயகிக்கும் அதே பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் விட முதலாளிக்கு இஷ்டமில்லை. தினமும் அம்பாசிடர் காரில் போய்வர ஏற்பாடு. டிரைவரோடு பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதே? கூடப் போக ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண் வேண்டும் என்று விசாரித்தபோது, மில் ஆபீஸில் யாரோ செல்லக்கனி பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"கார் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கும். ஒரு பைசா குடுக்க வேண்டாம். நான் சரின்னுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"இதுல கேக்க என்ன இருக்கு? சீசன் டிக்கெட் மிச்சம், டவுன் பஸ் மிச்சம். விடிஞ்ச பொறவு கெளம்பினாப் போதும். பொழுது அடையுமுன்ன வந்துரலாம்."

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தபோது அவள் விருதுநகரில் ஏதோ கிராஸிங்குக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. தங்கபாய் மட்டும் குழம்பைக் கிண்டியபடி, "ஓசி வண்டியில ஏறுறது லேசு. எறங்குற எடத்தை அவுகதான் சொல்லணும்" என்றாள்.

"நீ சும்மா இருக்கா" என்றான் ஞானதுரை.

அடுத்த திங்கட்கிழமை கார் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. பின் சீட்டில் வெள்ளை உறை போட்டிருந்தது. ரங்கநாயகி சின்னப்பெண், இருபது இருபத்தொன்று இருக்கும். ஜன்னல் பக்கம் ஒதுங்கி, "வாங்கக்கா" என்றவள், அதற்குப் பிறகு மதுரை வரை வாயைத் திறக்கவில்லை. முன்னால் டிரைவர் மொக்கைச்சாமியின் காதுகள் மட்டும் தெரிந்தன. கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது செல்லக்கனி புத்தகத்தை எடுத்தாள். இரண்டு பக்கம் போகுமுன் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது. மூடி வைத்துவிட்டாள். ரயில் எவ்வளவு ஆட்டினாலும் அவளுக்கு அப்படி வந்ததில்லை.

முதல் மாதம் சுகமாகத்தான் இருந்தது. காலையில் பிள்ளைக்குத் தானே தலை சீவி, மத்தியானச் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். சாயங்காலம் அவன் விளையாடிவிட்டு வருமுன் வீட்டில் இருந்தாள். முதுகுவலி போன இடம் தெரியவில்லை.

மெல்ல மெல்லத்தான் மற்றது தெரிந்தது. ரங்கநாயகியின் வகுப்புகள் மத்தியானத்தோடு முடிந்துவிடும். செல்லக்கனிக்கு லேப் வேலையே அதற்குப் பிறகுதான். ஆனால் வெயில் இறங்குமுன் கார் ராஜபாளையம் திரும்பியாக வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும்போதே மொக்கைச்சாமி லேப் வாசலில் வந்து நின்று இருமுவான். அவள் பாதியில் எழுந்து போவாள். பேராசிரியர் ஒருநாள், "ரெகுலர் ஸ்டூடண்டா, விருந்தாளியா நீங்க?" என்று கேட்டார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அவளைவிட ஏழெட்டு வயசு சின்னவர்கள். அவர்கள் முன்னால் அப்படிக் கேட்டது ரொம்ப நாள் மனசில் கிடந்தது.

முதலாளியம்மாவிடமிருந்தும் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. மதுரையில் இன்ன கடையில் இன்ன ஜாக்கெட் துணி, இன்ன மருந்துக்கடையில் தைலம். ரங்கநாயகி காரில் உட்கார்ந்திருக்க, செல்லக்கனி இறங்கிப் போய் வாங்கி வருவாள். மறுத்துச் சொல்லவும் வாயில்லை. ஓசியில் வருகிறவள் எப்படி முடியாது என்பாள்?

ஒரு சனிக்கிழமை முதலாளி அவளை ராஜபாளையத்து வீட்டுக்கு வரச் சொன்னார். ஞானதுரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தான். சஞ்சீவிராஜா நல்லபடியாகத்தான் பேசினார்.

"ஏம்மா, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுங்க."

"நம்ம புள்ள எப்படி? யார் யார்கூடப் பேசுறா, எங்க போறா? நீ வயசுல மூத்தவ, ஒனக்குத் தெரியும். அப்பப்ப வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. ஞானதுரையை சூப்பர்வைசர் ஆக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு."

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஞானதுரை சிரித்துக்கொண்டே வந்தான். சீசன் டிக்கெட்டுக்கு ஒரு விலைதான். கவுண்டரில் கட்டினால் தீர்ந்தது. இதற்கு விலை என்னவென்று இன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் என்று செல்லக்கனிக்குத் தோன்றியது.

அதற்கடுத்த வாரம், செடி மாதிரிகள் சேகரிக்க அவள் பெண்கள் ஹாஸ்டலுக்குப் பின்னாலிருந்த பொட்டல் பக்கம் போனாள். அங்கே ரங்கநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எதிரே செல்லக்கனியைக் கண்டதும் ரங்கநாயகி பதறி ஹாண்டிலைத் திருப்பினாள், சைக்கிளோடு விழுந்தாள். முழங்கை சிராய்ந்து, கணுக்காலில் செயின் கிழித்திருந்தது.

"அக்கா, எங்க நாயனாகிட்ட சொல்லிராதீங்க." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எதைச் சொல்ல? ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியலேங்கிறதையா?"

அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாகப் பார்த்தாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பதைச் செல்லக்கனி அன்றைக்குத்தான் கேட்டாள். கைக்குட்டையால் கணுக்காலைக் கட்டி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் ஏற்றினாள். காருக்குள் ஏறியதும் இருவரும் ஊமையானார்கள்.

ஆனால் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் மொக்கைச்சாமியின் வேலையில் ஒரு பங்கு. இரண்டே நாளில் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார் முதலாளி. இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"புள்ள நொண்டிக்கிட்டு வந்து எறங்குறா. டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. கூடப் போனவ நீ, ஒரு வார்த்தை சொன்னியா?"

"தடுக்கி விழுந்தாங்க. பெரிய காயம் ஒண்ணும் இல்ல."

"எங்க விழுந்தா? எப்படி விழுந்தா? யாரு பக்கத்துல இருந்தா?"

பக்கத்தில் ஞானதுரை தலையைக் குனிந்து நின்றான். சொல்லிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, சைக்கிள்தானே. ஆனால் இன்றைக்குச் சைக்கிளைச் சொன்னால் நாளைக்கு வேறொன்றைச் சொல்லவேண்டும், அப்புறம் சொல்வதற்காகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஐயா, நான் அங்க படிக்கப் போறேன். ஒங்க மகளும் படிக்கத்தான் வாராங்க. பாத்து வந்து சொல்ல எனக்குத் தெரியாது. நாளையிலேருந்து நான் ரயில்லயே போயிக்கிடுதேன்."

வீடு வரும்வரை ஞானதுரை அடக்கிக்கொண்டான். வாசற்படி ஏறியதும் வெடித்தான்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேட்டி! அவுக என்ன, கொலையா பண்ணச் சொன்னாக?"

"இல்ல."

"பொறவு என்ன கேடு ஒனக்கு?"

அவள் பதில் சொல்லத் தேடினாள். காருக்குள் புத்தகம் படிக்க வரவில்லை என்பதிலிருந்து தொடங்குவதா, லேப் வாசலில் இருமியதிலிருந்து தொடங்குவதா? எல்லாமே சில்லறைக் காரணங்களாகத் தெரிந்தன. தங்கபாய்தான் தம்பியைக் கையலம்பச் சொல்லி இலையைப் போட்டாள்.

ரயிலில் முத்தாத்தாள், "என்ன டீச்சரே, காரு புளிச்சிருச்சா?" என்று கேட்டு இடத்தைத் துடைத்துக் கொடுத்தாள். புகையும், கரியும், கொய்யா வாடையும் பழையபடி வந்து சேர்ந்தன. லேப்பில் கடைசி ஆளாக எழுந்து வந்தாள். பேராசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. பிள்ளைதான் மூன்று நாள் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மா வீட்டில் இருக்கிற ருசி அவனுக்குப் பழகியிருந்தது. ஞானதுரைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு முடிகிற நைட் ஷிப்ட் போட்டார்கள். முறைப்படி வாரம் மாறவேண்டிய ஷிப்ட் அவனுக்கு மட்டும் மாறவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை; அவனும் கேட்கவில்லை.

ஒரு காலையில் அவன் மில்லிலிருந்து வந்து, புறப்பட்டுக்கொண்டிருந்தவளிடம் வாசலிலேயே சொன்னான்: "அந்தப் புள்ளையப் படிப்ப விட்டு நிறுத்திட்டாவளாம். கூடப் போக ஆளு இல்லேல்ல. மாப்பிள்ளை பாக்கச் சொல்லியாச்சாம்."

அன்றைக்கு ரயிலில் புத்தகத்தைப் பிரித்தவள் ஒரு வரிகூட நகரவில்லை. காரைவிட்டு இறங்கும்போது தனக்கு என்ன நஷ்டம், புருஷனுக்கு என்ன நஷ்டம் என்றெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தாள். அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கவில்லை. தான் காரில் ஏற அவள் காரணம். அவள் காரில் ஏறத் தான் காரணம். ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தியும் இறங்கியாகவேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. தன்னுடைய மானத்துக்கு இன்னொருத்தி படிப்பைக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். திரும்பப் போய்க் காரில் ஏறிவிடலாமா? ஏறினால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். அப்படிப் பதில் சொல்லி அந்தப் பெண் படித்தால் அது என்ன படிப்பு? திருமங்கலம் வரை இதே போராட்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்பாசிடர் அவள் தெருவில் மறுபடியும் வந்து நின்றது. இறங்கியவர் முதலாளியம்மா. ஆண்டாள் கோயிலுக்கு வந்த கையோடு வந்ததாகச் சொன்னார். பின்னால் ரங்கநாயகி, முகம் வாடிப்போய். தங்கபாய் அவசரமாகப் பாயை உதறிப் போட்டாள்.

"சோறு தின்ன மாட்டேங்கிறா. அவங்க நாயனாகூடப் பேச மாட்டேங்கிறா. நீ வர்றேன்னு சொல்லிரும்மா. பெரியவுக கோபத்துல கேட்டத மனசுல வச்சுக்காத."

செல்லக்கனி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கார்ல நான் வரலம்மா. எனக்கு லேப் சாயங்காலம்தான். இவங்கள ரயில்ல அனுப்புங்க. ராஜபாளையத்துல நீங்க ஏத்திவிடுங்க, இங்க நான் ஏறிக்கிடுவேன். மதுரை வரைக்கும் கூடவே இருப்பேன், திரும்பயும் இதுவரைக்கும் கூட வருவேன். லேப் முடியுற வரைக்கும் லைப்ரரில படிக்கட்டும். ஆனா அங்க யார்கூடப் பேசுதாங்க, எங்க போறாங்கன்னு மட்டும் என்கிட்ட யாரும் கேக்கக் கூடாது."

"ரயில்லயா? மில்லுக்காரர் மக பாசஞ்சர் ரயில்லயா?"

சொல்லிவிட்டு முதலாளியம்மா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அப்புறம் தனக்குள் பேசுகிறவர் மாதிரி, "இவ படிக்கப் போனதுலேருந்து காரு பூராப் பொழுதும் மதுரையில கெடந்துச்சு. ஒரு கல்யாண வீட்டுக்கு, ஒரு கோயிலுக்குப் போகணும்னா நான் வாடகைக் காருக்கு ஆள் அனுப்பணும். இந்த ரெண்டு வாரமாத்தான் வெளிய எறங்கியிருக்கேன்" என்றார்.

தங்கபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைச் செல்லக்கனி பார்த்தாள்.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, பத்து நாளில் ரங்கநாயகி ரயிலில் வந்தாள். ஆனால் முதலாளி தன் கௌரவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மகளுக்கு முதல் வகுப்பு சீசன் எடுத்திருந்தார். ராத்திரி ராஜபாளையம் ஸ்டேஷனில் கார் வந்து காத்திருக்கும். முதல் வகுப்புப் பெட்டி அந்த ரயிலில் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். பச்சை மெத்தையில் தனியாக உட்கார்ந்து சிவகாசி வரை வருவாள் அந்தப் பெண். அதுவரை அப்பாவுக்குத் தெரிந்த முகங்கள் ஏறி இறங்கும். சிவகாசியில் வண்டி நின்றதும் குதித்து ஓடிவந்து பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்வாள். "ஒசந்த டிக்கெட் வாங்கிட்டுத் தரையில வந்து ஒக்காருதியே" என்று முத்தாத்தாள் கேலி பண்ணுவாள். முதலில் கூடைகளுக்கு நடுவே கூசி ஒடுங்கியவள், போகப் போகக் கொய்யாவுக்கு உப்பு மிளகாய் கேட்டு வாங்கித் தின்றாள். காருக்குள் வாயே திறக்காதவளைக் கொஞ்சம் பேசாமலிரு, படிக்கவேண்டும் என்று செல்லக்கனி அதட்ட வேண்டியதாயிற்று. சைக்கிளும் ஓட்டப் பழகிவிட்டாள் என்று கேள்வி. செல்லக்கனி போய்ப் பார்க்கவில்லை.

எம்.ஏ. இரண்டாம் வருஷம் பாதியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பரீட்சை எழுதிவிட்டுத்தான் மணவறை என்று பிடிவாதமாக நின்று எழுதிவிட்டாள். சஞ்சீவிராஜா கல்யாணத்துக்குச் செல்லக்கனியைக் கூப்பிட்டார். ஞானதுரைக்குச் சூப்பர்வைசர் வேலை மட்டும் வரவில்லை. அவனுக்குக் கீழே வேலை பார்த்த இருளப்பசாமி சூப்பர்வைசர் ஆனான். இவனுக்கு நைட் ஷிப்ட் நைட் ஷிப்டாகவே நின்றுவிட்டது.

செல்லக்கனியின் கடைசிப் பரீட்சைகள் நடந்துகொண்டிருந்த சமயம், மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மில் சிநேகிதனைப் பார்க்க ஞானதுரை அவளோடு வரவேண்டியதாயிற்று. ஷிப்ட் முடித்து ராஜபாளையத்திலேயே ஏறியிருந்தான். அன்றைக்கு அவள் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் அவனிருந்த பெட்டியில் ஏறினாள். அவன் நகர்ந்து, ஒரு ஆள் பாதியாக உட்காரும் இடம் உண்டாக்கிக் கொடுத்தான். நாலா பக்கமும் ஆட்கள் நெருக்கினார்கள்.

"இம்புட்டு நெருக்கடியிலயா தெனமும் வாரே?"

"ம்."

"காருல காலை நீட்டிட்டு வந்திருக்கலாம்."

"நீட்டியிருக்கலாம்" என்றாள். "மடக்குன்னா மடக்கணும்ல."

அவன் சிரித்தான். இந்தப் பேச்சு அவர்களுக்குள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கோபமாக ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்து அப்படியே உறங்கிவிட்டான். முடியிலும் புருவத்திலும் மில்லின் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ராத்திரி முழுக்க மிஷின் சத்தத்தில் நின்றவனுக்கு ரயில் சத்தம் எம்மாத்திரம்.

செல்லக்கனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் மலிவு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொல்லியிருக்கிறாள். அவள் கட்டியது கவுண்டரில் முடிந்துவிட்டது. மீதியை இவன் ராத்திரி ராத்திரியாகக் கட்டிக்கொண்டு வருகிறான். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு முதலாளி முன்னால் வேறு மாதிரி பேசியிருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பேசியிருக்க மாட்டோம் என்றுதான் வந்தது. அந்தப் பதிலில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை, மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

விருதுநகரில் ஒரு கூட்டம் இறங்கிக் கொஞ்சம் இடம் விட்டது. அவன் தலை நழுவி அவள் தோளில் சாய்ந்தது. முந்தானை நுனியால் அவன் புருவத்துப் பஞ்சை மெதுவாக எடுத்தாள். பிறகு அவன் தலை ஆடாதபடி இடதுகையை அசைக்காமல், வலதுகையால் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருந்தது. மதுரை வருமுன் முடித்துவிடலாம்.